எங்கள் உள்ளம் கவர்ந்த நூல்: ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’

நூல்கள் பல படிக்கிறோம். தேர்வுக்காகப் படித்தவை தேர்வு முடிந்ததும் மறந்து போகின்றன. பொழுதுபோக்கிற்காகப் படித்தவை பொழுது போனதும் கலைந்து போகின்றன. ஒரு சில நூல்களோ, மூடி வைத்த பிறகுதான் நம் உள்ளத்தில் வேலை செய்யத் தொடங்குகின்றன. அத்தகைய நூல் ஒன்றைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறோம். அதன் பெயர் ‘ஓர் ஆன்மாவின் வரலாறு’. எழுதியவர், சிறுமலர் என்று நாம் அன்போடு அழைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசா.

சிறுமலர் என்றதும் நம் கண்முன் தோன்றுவது எது? பழுப்பு உடையும் வெண்ணிற மேலாடையும் அணிந்து, கையில் பாடுபட்ட சுரூபத்தையும் ரோசா மலர்களையும் ஏந்தி, தலை சாய்த்துப் புன்னகைக்கும் ஓர் இளங்கன்னியின் உருவம் அன்றோ! ஆலயத்தில் சுரூபமாகவும், வீட்டில் காலண்டர் படமாகவும், செபப் புத்தகத்தின் நடுவே சிறு படமாகவும் அவரைப் பார்த்தே வளர்ந்தோம். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகளும் மருத்துவமனைகளும் நம் நாட்டில் எத்தனையோ உண்டு. ஆகவே அவரை நன்றாகத் தெரியும் என்று எண்ணியிருந்தோம்.

உண்மையில் எங்களுக்கு அவரைத் தெரியாது. எங்கள் பள்ளி நூலகத்தில் சமய நூல்கள் அடுக்கப்பட்ட அலமாரியில் இந்நூல் பல ஆண்டுகளாக இருந்து வருகிறது. பழுப்பு அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, மிக நேர்த்தியாக இருக்கிறது. எவரும் எடுப்பதில்லை, நேர்த்திக்குக் காரணம் அதுதான். ‘அது சிஸ்டர்மார் படிக்கிற புத்தகம்’ என்று நாங்களும் தீர்ப்பு எழுதி ஒதுக்கி வைத்திருந்தோம்.

அந்தத் தீர்ப்பை மாற்ற வைத்த நிகழ்ச்சியை, வெட்கத்தோடுதான் என்றாலும், இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் வகுப்பில் தோழி ஒருத்தி. சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் அவளுடைய தாயார் நோயுற்று இறைவனடி சேர்ந்தார். பள்ளி திறந்து அவள் திரும்பி வந்தபோது நாங்கள் எல்லோரும் அழுதோம், ஆறுதல் சொன்னோம். ஒரு மாதம் சென்றது. அவரவர் வேலையில் ஆழ்ந்துவிட்டோம். அப்போதுதான் எங்களில் ஒருத்தி ஒன்றைக் கவனித்தாள். காலைச் செபத்தின்போது அவளுடைய உதடுகள் அசைவதில்லை. முதல் வெள்ளித் திருப்பலியில் நற்கருணை வாங்க அவள் எழுந்து வருவதில்லை. பாடற்குழுவில் முன்னால் நின்று பாடியவள், இப்போது பின்வரிசையில் வாய்மூடி நிற்கிறாள். ‘அவளுக்கு விசுவாசம் போய்விட்டது’ என்றாள் ஒருத்தி. ‘கடவுள்மேல் கோபமாம்’ என்றாள் மற்றொருத்தி. பேச்சு வகுப்பெங்கும் பரவிற்று. அவள் அருகே வந்தால் பேச்சு நின்றது. மதிய உணவின்போது அவள் பக்கத்தில் இருந்த இடம் மெல்ல மெல்லக் காலியாயிற்று.

நாங்கள் ஐவர், மறைக்கல்வி நடத்தும் சிஸ்டரிடம் போய் இதைச் சொன்னோம். அவளுடைய நன்மைக்காகவே சொல்கிறோம் என்று எண்ணிக்கொண்டுதான் சொன்னோம். சிஸ்டர் பொறுமையாக முழுவதும் கேட்டார். அவளைக் கூப்பிட்டுக் கண்டிப்பார் என்று எதிர்பார்த்தோம். அவரோ, ‘நூலகத்தில் சிறுமலரின் புத்தகம் இருக்கிறது, பிள்ளைகளா. கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு இதைப் பேசுவோம்’ என்று மட்டும் சொன்னார். இது பாடமா, தண்டனையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. நூலக வகுப்பிலும் மதிய இடைவேளையிலும் ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்க, ஆறு வாரத்தில் படித்து முடித்தோம்.

இனி நூலுக்கு வருவோம். பிரான்சு நாட்டின் நார்மண்டிப் பகுதியில் லிசியூ என்றொரு சிறு நகரம். அங்குள்ள கார்மேல் மடத்தில் தெரேசாவும் அவருடைய அக்காமாரும் கன்னியராக இருந்தனர். 1894-ஆம் ஆண்டின் இறுதியில், குளிர்கால மாலை ஒன்றில், தெரேசா தம் குழந்தைப் பருவ நிகழ்ச்சிகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். இவற்றை எழுதி வைத்தால் என்ன என்று மூத்த அக்காள் மரிக்குத் தோன்றிற்று. அப்போது மடத்துத் தலைவியாக இருந்தவர் இரண்டாவது அக்காள் போலின். அவர், எழுதும்படி தங்கைக்குக் கட்டளையிட்டார். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் ஒன்றில், வேலைகளுக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரங்களில், 1895-ஆம் ஆண்டு முழுவதும் எழுதினார் தெரேசா. அதுவே நூலின் முதற் பகுதி. 1896 செப்டம்பரில் மரி அக்காளுக்கு எழுதிய நீண்ட கடிதம் இரண்டாம் பகுதி. 1897 ஜூன் மாதம் எழுதத் தொடங்கியது மூன்றாம் பகுதி. அப்போது அவரைக் காசநோய் உருக்கிக்கொண்டிருந்தது. பேனாவை மையில் தொட்டு எழுதவும் வலுவின்றி, கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார். பின்னர் பென்சிலும் கையை விட்டு நழுவியது. 1897 செப்டம்பர் 30-ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 24.

சரியாக ஓராண்டு கழித்து, 1898 செப்டம்பர் 30 அன்று, இந்நூல் 2,000 பிரதிகள் அச்சாயிற்று. கார்மேல் மடத்தில் ஒருவர் இறந்தால் அவரைப் பற்றிய குறிப்பு ஒன்றைப் பிற மடங்களுக்கு அனுப்புவது வழக்கம். அக்குறிப்புக்குப் பதிலாகத்தான் இந்நூல் அனுப்பப்பட்டது. அதன் பின் நடந்ததை உலகம் அறியும். 1925-ஆம் ஆண்டு 11-ஆம் பத்திநாதர் அவரைப் புனிதராக அறிவித்தார். மடத்துச் சுவரைத் தாண்டி வேதம் போதிக்கச் செல்லாத அவர், 1927-இல் புனித சவேரியாரோடு மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியானார். 1997-இல் 2-ஆம் அருள் சின்னப்பர் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர் என அறிவித்தார். அப்பட்டம் பெற்ற பெண்கள் இன்றுவரை நால்வரே. கல்லூரி வாசலை மிதியாத ஒருவர், நோட்டுப் புத்தகத்தில் எழுதியவற்றைக் கொண்டு அகுஸ்தீனார், அக்குவீனோ தோமையார் ஆகியோரின் வரிசையில் அமர்ந்தார் என்றால், அந்த நோட்டுப் புத்தகத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதலில் எங்களை நிறுத்தி வைத்தது, அதில் இருந்த ஒரு சிறு பெண்ணின் துயரம். 1873 சனவரி 2 அன்று அலான்சோன் நகரில் பிறந்தவள் தெரேசா. தந்தை லூயி மார்ட்டின் கடிகாரத் தொழில் செய்தவர். தாய் செலி, அந்நகரின் புகழ்பெற்ற சரிகைப்பின்னல் போன்ற நுண்ணிய லேஸ் வேலையில் கைதேர்ந்தவர். வேலைக்காரப் பெண்களை வைத்து வீட்டிலிருந்தே அத்தொழிலை நடத்தியவர். பிறந்த பிள்ளைகள் ஒன்பது பேர். நால்வர் சிறு வயதிலேயே இறந்தனர். எஞ்சிய ஐந்து பெண்களில் தெரேசாவே கடைக்குட்டி. அவளுக்கு நாலரை வயதாகும்போது, 1877 ஆகஸ்டு 28 அன்று, தாய் புற்றுநோயால் இறந்தார்.

அதுவரை கலகலப்பாக இருந்த தன் சுபாவமே அன்றிலிருந்து மாறிவிட்டது என்று தெரேசா எழுதுகிறார். எதற்கெடுத்தாலும் கண்ணீர், யாரைக் கண்டாலும் கூச்சம். அடக்கம் முடிந்த நாளில் போலின் அக்காளையே தன் இரண்டாவது தாயாகத் தேர்ந்துகொண்டாள் அந்தச் சிறுமி. ஐந்தாண்டுகள் கழித்து, 1882-இல், அந்த அக்காளும் கார்மேல் மடத்திற்குள் சென்றுவிட்டாள். அடுத்த ஆண்டு தெரேசா கடும் நோயில் விழுந்தாள். தாயை இரண்டு முறை இழந்த பிள்ளை அவள்! இப்பக்கங்களைப் படித்த அன்று எங்களில் எவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எங்கள் எல்லோர் மனத்திலும் பின்வரிசையில் வாய்மூடி நிற்கும் தோழியே நின்றாள்.

அடுத்து வந்தது பள்ளிக்கூடம். எட்டரை வயதில் லிசியூவில் பெனடிக்டைன் கன்னியர் நடத்திய பள்ளியில் தெரேசா சேர்ந்தாள். படிப்பில் கெட்டிக்காரி. தன்னைவிட வயதில் மூத்த பெண்கள் இருந்த வகுப்பில் அவளை உட்கார வைத்தார்கள். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி பொறாமை கொண்டு அவளைப் பலவாறு துன்புறுத்தினாள். எதிர்த்துப் பேசத் தெரியாத தெரேசா மூலையில் அழுதாள். விளையாட்டு நேரத்தில் மற்றவர்கள் ஓடியாட, இவளோ மரத்தடியில் இறந்து கிடக்கும் குருவிகளை எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தாள். அப்பள்ளியில் கழித்த ஐந்தாண்டுகளே தன் வாழ்வில் மிகவும் துயரமானவை என்று பிற்காலத்தில் எழுதினார். கன்னியர் நடத்தும் பள்ளியில் படிக்கும் எங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! மதிய உணவு வேளையில் ஓரிடத்தைக் காலியாக்கிய நாங்கள், இந்தக் கதையில் யாருடைய பக்கத்தில் நிற்கிறோம் என்பது விளங்கிற்று.

துயரம் மட்டுமே இந்நூல் என்று எண்ண வேண்டாம். சிரிக்க வைக்கும் இடங்கள் நிறைய உண்டு. விண்ணகத்தில் எல்லோருக்கும் ஒரே அளவு மகிமை கிடையாது என்று கேள்விப்பட்டதும் சிறுமி தெரேசாவுக்குக் கவலை வந்துவிட்டது. அப்படியானால் குறைவாகப் பெற்றவர்கள் வருந்த மாட்டார்களா? போலின் அக்காள் விளக்கவுரை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவின் பெரிய தம்ளரையும், தங்கை தையலுக்கு விரலில் மாட்டும் சிறு உறையையும் கொண்டுவரச் சொன்னாள். இரண்டிலும் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினாள். எது அதிகம் நிறைந்திருக்கிறது என்று கேட்டாள். இரண்டும் நிறைந்தே இருந்தன! ரேங்க் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்துப் பெண்ணின் அட்டையை எட்டிப் பார்க்கும் எங்களுக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டுமா?

துணிவுக்கும் பஞ்சமில்லை. பதினைந்து வயதில் கார்மேல் மடத்தில் சேர வேண்டும் என்பது தெரேசாவின் ஆவல். வயது போதாது என்று எல்லோரும் தடுத்தார்கள். 1887 நவம்பரில் தந்தையோடு உரோமைக்குத் திருயாத்திரை சென்றாள். 13-ஆம் சிங்கராயர் பாப்பரசரைச் சந்திக்கும்போது எவரும் பேசக்கூடாது என்று உத்தரவு. எனினும் அவள் பாப்பரசரின் முன் முழந்தாளிட்டுத் தன் வேண்டுகோளைச் சொல்லியே தீர்த்தாள். காவலர் அவளைத் தூக்கி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. தலை சாய்த்துப் புன்னகைக்கும் சுரூபத்தில் இந்தப் பிடிவாதக்காரப் பெண்ணை நாங்கள் ஒருநாளும் கண்டதில்லை. 1888 ஏப்ரல் 9 அன்று அவள் எண்ணம் நிறைவேறிற்று.

மடத்திற்குள் சென்றபின் அவர் என்ன பெரிய காரியம் செய்தார்? ஒன்றுமே செய்யவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். இந்நூலின் பெருமையே அதில்தான் அடங்கியிருக்கிறது. மடம் என்றால் வானதூதர் வாழும் இடம் என்று நினைத்திருந்தோம். நம் வகுப்பறையைப் போன்ற இடம்தான் அது என்று காட்டுகிறார் தெரேசா. தியான நேரத்தில் அவருக்குப் பின்னால் இருந்த கன்னிகை ஒருவர், சிப்பிகளை ஒன்றோடொன்று உரசினாற்போல் ஓயாமல் ஒரு சத்தம் எழுப்புவாராம். திரும்பிப் பார்த்து முறைக்க மனம் துடித்தது. தியானமோ ஓடவில்லை. வியர்வை வழிய உட்கார்ந்திருந்தவர், கடைசியில் அந்தச் சத்தத்தையே இனிய கச்சேரியாகப் பாவித்துக் கேட்டு, அதையே இயேசுவுக்கு ஒப்புக்கொடுத்தாராம். துணி துவைக்கும்போது எதிரே நின்றவர் கைக்குட்டைகளை அலசும் வேகத்தில் அழுக்குத் தண்ணீர் இவர் முகத்தில் தெறிக்கும். முகத்தைத் துடைத்துக் காட்டி அவருக்கு உணர்த்தலாமே என்று தோன்றியது. அப்படிச் செய்யவில்லை.

மற்றொரு கன்னிகையின் பேச்சு, நடை, குணம் எதுவுமே தெரேசாவுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் எழுதுகிறார். அவரைக் காணும்போதெல்லாம் அவருக்காகச் செபித்தார், உதவி செய்தார், புன்னகைத்தார். எரிச்சல் எல்லை மீறும்போது, போர்க்களத்தை விட்டு ஓடும் வீரனைப் போல அவ்விடம் விட்டு ஓடியே போய்விட்டார்! ஒருநாள் அந்தக் கன்னிகையே வந்து, தன்னிடம் அப்படி என்ன கவர்ச்சியைக் கண்டு எப்போதும் புன்னகைக்கிறாய் என்று கேட்டாராம். எங்கள் ஐவரில் ஒருத்தி இந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவளுக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பிடித்தவர்களிடம் அன்பாயிருக்கப் பெரிய மனது தேவையில்லையே, பிடிக்காதவரிடம் அன்பாயிருப்பதைச் சொல்லித்தரும் புத்தகம் எந்த மதத்தாருக்கும் வேண்டியதுதானே என்றாள்.

எங்கள் மனத்தில் அழியாமல் நிற்கும் காட்சி வேறொன்று. மடத்தில் நோயாளியான முதிய கன்னிகை ஒருவர் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அவரைக் கைத்தாங்கலாக உணவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இலேசான வேலையன்று. வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாக நடந்தால் பின்னால் ஆள் இருக்கிறதா இல்லையா என்பார். இளையவளான தெரேசா விரும்பி அவ்வேலையை ஏற்றார். உணவறையில் அவரை உட்கார வைத்து, அவர் சொல்லும் முறைப்படியே சட்டைக் கையை மடித்துவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் ஊனமுற்ற கைகளால் அவர் ரொட்டியை அறுக்கப் படும் பாட்டைக் கவனித்த தெரேசா, எவரும் சொல்லாமலே அதையும் செய்து கொடுத்து, ஒரு புன்னகையோடு விடைபெற்றார். அந்த ரொட்டித் துண்டுகளே முதியவரின் மனத்தை வென்றன.

குளிர் மிகுந்த ஓர் இரவில் அவரை அழைத்துச் செல்லும்போது எங்கோ தொலைவில் இசை கேட்டது. விளக்கொளியில் மின்னும் மாளிகையும், அங்கே அழகிய உடையில் பேசி மகிழும் இளம் பெண்களும் தெரேசாவின் கண்முன் தோன்றினர். தம் பக்கத்திலோ முனகிக்கொண்டே நடக்கும் கிழவி. எனினும் அந்தப் பத்து நிமிடத்தை எதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன் என்று எழுதுகிறார். வீட்டில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க அம்மா கூப்பிட்டால், தொலைக்காட்சியை விட்டு எழ மனமின்றி முணுமுணுக்கிறோமே, அந்தப் பத்து நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

இதுவரை படித்ததும் நாங்கள் சிஸ்டரிடம் போக ஆயத்தமானோம். நல்ல நூல், நற்பண்புகளைப் போதிக்கிறது என்று சொல்ல வேண்டியதை எல்லாம் தயார் செய்துகொண்டோம். கடைசிப் பகுதி இன்னும் இருந்தது. அதைப் படித்தபோதுதான், சிஸ்டர் ஏன் இந்நூலைக் கையில் கொடுத்தார் என்பது எங்களுக்கு இடிபோல் விளங்கிற்று.

1896-ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவில் தெரேசா முதன்முறையாக இரத்தம் கக்கினார். விண்ணகம் போகும் காலம் நெருங்குகிறது என்று மகிழ்ந்தார். ஆனால் அந்த உயிர்ப்புத் திருநாட்களிலேயே அவருடைய ஆன்மாவில் இருள் சூழ்ந்தது. விண்ணகம் என்ற எண்ணமே வேதனை தருவதாயிற்று. அடர்ந்த மூடுபனி சூழ்ந்த நாட்டில் பிறந்தவள்போல் ஆனேன் என்கிறார். தனக்கும் வானத்திற்கும் நடுவே ஒரு பெருஞ்சுவர் எழுந்துவிட்டது என்கிறார். சாவுக்குப் பின் ஒன்றுமே இல்லை என்று ஏளனம் செய்யும் குரல் தம்முள் கேட்பதை ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். இதற்குமேல் எழுதினால் தெய்வ நிந்தனையாகிவிடுமோ என்று அஞ்சிப் பாதியில் நிறுத்துகிறார். அவ்விருள் ஒரு வாரத்தில், ஒரு மாதத்தில் நீங்கவில்லை. சாகும்வரை, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள், நீடித்தது.

அவர் என்ன செய்தார்? விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தால் எழுதி நெஞ்சருகே வைத்துக்கொண்டார். விசுவசிக்கும் இன்பம் போனபின்னும், விசுவசிப்பவர் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டே இருந்தார். விசுவாசம் இல்லாதவர்களைப் பார்த்து விரல் நீட்டவில்லை. அவர்களும் தாமும் ஒரே பந்தியில் அமர்ந்து கசப்பான அப்பத்தை உண்பதாக எண்ணி, அவர்களுக்காகவும் தமக்காகவும் சேர்த்தே இரக்கம் வேண்டினார். தோட்டத்தில் தள்ளுநாற்காலியில் அமர்ந்து இவற்றை எழுதும்போது, வருகிறவர் போகிறவர் எல்லோரும் நின்று பேசி அவரை எழுதவிடாமல் செய்தனர். அதைக்கூட நகைச்சுவையோடு குறிப்பிடுகிறார். தம் உள்ளத்தில் இருள் சூழ்ந்திருப்பதை அவர்களில் பெரும்பாலோர் அறியவே இல்லை. அவர் முகத்தில் எப்போதும் புன்னகைதான்.

அன்பார்ந்த வாசகர்களே, எங்கள் கருத்து இதுதான்: இருளில் நிற்பவர் எல்லாம் விசுவாசத்தை இழந்தவர் அல்லர். செபிக்க முடியாமல் தவிப்பதும், கடவுள் இருக்கிறாரா என்று நெஞ்சு கேட்பதும், ஒரு புனிதையின் வாழ்விலேயே நிகழ்ந்தன. அவர் அதை ஒளிக்காமல் எழுதியதால்தான் இந்நூல் இவ்வளவு பேருக்கு உதவுகிறது. கொல்கத்தா அன்னை தெரேசா துறவறத்தில் தேர்ந்துகொண்ட பெயர் லிசியூவின் தெரேசாவுடைய பெயரே. 2007-ஆம் ஆண்டு அன்னையின் கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது, அவரும் நீண்ட ஆண்டுகள் இத்தகைய இருளில் நடந்தவர் என்று அறிந்து உலகம் வியந்தது. சிறுமலரின் நூலை முழுவதும் படித்தவர்கள் அவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள்.

இந்நூலில் குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. சில இடங்களில் நடை மிகவும் தித்திக்கிறது. மலர், குழந்தை, முத்து, பனித்துளி என்று உவமைகள் அளவுக்கு மீறி வருகின்றன. அக்காலத்துப் பிரெஞ்சுப் பக்தி நூல்களின் மணம் அது. முதற்பதிப்பை வெளியிட்ட போலின், தங்கையின் எழுத்தை ஏராளமான இடங்களில் திருத்தி மெருகேற்றியிருந்தார். தெரேசா எழுதியது எழுதியபடியே 1956-இல்தான் வெளிவந்தது. ஆகவே வாங்குவோர் மூலப்படிவத்தைப் பின்பற்றிய பதிப்பைப் பார்த்து வாங்குவது நல்லது. தித்திப்பைக் கண்டு நூலைப் பாதியில் மூடிவிடாதீர்கள். நாங்கள் மூடியிருந்தால் அந்தக் கடைசிப் பகுதியை இழந்திருப்போம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தெரேசாவின் பெற்றோர் லூயியும் செலியும் 2015 அக்டோபர் 18 அன்று, தம்பதியராக ஒரே வேளையில், புனிதராக அறிவிக்கப்பட்டனர். அந்தப் புனிதர்களின் வீட்டிலும் பள்ளியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மகள் ஒருத்தி இருந்தாள். அவள்தான் மூன்றாவது மகள் லெயோனி. மடத்தில் சேர மூன்று முறை முயன்று தோற்று, 1899-இல் நான்காம் முறை சென்று நிலைத்தாள். ஐந்து பெண்களையும் ஒரே அளவுகோலால் அளந்திருந்தால் அவள் கதி என்னவாகியிருக்கும்? உங்கள் வீட்டில் தம்ளரும் இருக்கலாம், தையல் விரலுறையும் இருக்கலாம். இரண்டும் நிறையட்டும் என்று வாழ்த்துங்கள். நிறைவதற்குச் சற்றுக் காலமும் கொடுங்கள்.

எங்கள் அன்பிற்குரிய சிஸ்டர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். புனிதர்களின் வெற்றிகளை மட்டும் எங்களுக்குச் சொல்லாதீர்கள். தெரேசா தியானத்தில் தூங்கி விழுந்ததையும், செபமாலையைத் தனியே சொல்லி முடிக்கப் பட்ட பாட்டையும், இருளில் தவித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்போதுதான் எங்களைப் போன்றவர்களுக்கும் அந்த வழியில் இடமுண்டு என்ற தைரியம் வரும்.

தோழியின் கதையைச் சொல்லி முடிக்கிறோம். நூலைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, சிஸ்டரிடம் சொல்வதற்கு எங்களிடம் ஒன்றுமில்லை. ‘சிஸ்டர், நாங்கள் தப்புச் செய்துவிட்டோம்’ என்று மட்டும் சொன்னோம். ‘என்னிடம் ஏன் சொல்கிறீர்கள்?’ என்று கேட்டார். அவ்வளவுதான். மறுநாள் மதியம் எங்கள் டிபன்களை எடுத்துக்கொண்டு அவளருகே போய் உட்கார்ந்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவள் நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அம்மா இருந்தபோது இரவுச் செபத்தை அம்மாதான் தொடங்கி வைப்பார் என்றும், இப்போது முதல் சொல்லை வாயெடுத்தாலே தொண்டை அடைத்துக்கொள்கிறது என்றும் சொன்னாள். இதைத்தான் விசுவாசம் போய்விட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தோம்!

அவள் மாறிவிட்டாள், மீண்டும் முன்வரிசையில் பாடுகிறாள் என்று எழுதினால் கதை அழகாக முடியும். ஆனால் அது உண்மையாகாது. இன்றும் சில நாட்களில் அவளுடைய உதடுகள் அசைவதில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி, அந்நாட்களில் அவளுக்காக நாங்கள் சற்று உரக்கச் சொல்கிறோம். இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அவளிடம் படித்துக் காட்டினோம். ஓரிடத்தில் சிரித்தாள், ஓரிடத்தில் அழுதாள், ‘போடுங்கள்’ என்றாள். அந்தப் புத்தகம் இப்போது அவளிடம்தான் இருக்கிறது. திருப்பித் தர வேண்டிய தேதி கடந்துவிட்டது. நூலகப் பொறுப்பாளர் இதுவரை கேட்கவில்லை.

அவள் தந்ததும் அடுத்து நீங்கள் எடுங்கள். பழுப்பு அட்டை இனி அவ்வளவு நேர்த்தியாக இராது. ஆறு பேர் கை பட்டுவிட்டது. இன்னும் பல கைகள் படட்டும்!

— பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர்